பூட்டு வளையத்தை இறுக்கினேனா?

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, பின்வாசலில் உட்கார்ந்து தங்கையின் சைக்கிள் பின்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு முதல் வரி தோன்றியது. எழுந்து உள்ளே போய் எழுதிவைத்தேன். அந்த வரி இதில் இல்லை. இன்று எடுத்துப் பார்த்தால் சகிக்கவில்லை.

2

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கொட்டாவி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கை சைக்கிளில் கூரியர் கொண்டுபோகிறவள். அவள் சைக்கிளில் மிதிக்காமல் சும்மா உருள முடியாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். கைப்பிடியில் பிரேக் கிடையாது.* வேகத்தைக் குறைக்க, பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும்போதெல்லாம் பின்சக்கரத்தில் திருகியிருக்கும் பல்சக்கரம் கழலப் பார்க்கும். கழலவிடாமல் பிடித்துக்கொள்வது அதன்மேல் எதிர்த்திசையில் திருகும் பூட்டு வளையம். அது இறுகாமல் இருந்தால், ஏதாவது ஓர் இறக்கத்தில் அவள் காலுக்கு

[வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

* பிரேக் வைக்கச் சொல்லிப் பார்த்தாயிற்று. "உன் பேனாவுக்கு பிரேக் இருக்கா?" என்றாள்.

3

"அவள் எதற்கும் அஞ்சாதவள்" என்று தொடங்கி அடித்தேன். பொய். பல் டாக்டரிடம் போக அழுகிறவள். "முழங்கால் வலியோடு மூன்று மாதம் வீட்டில் கிடந்தாள்" என்று தொடங்கினேன். இது உண்மை. அந்த மூன்று மாதமும் நான் செய்தது வாரம் ஒருமுறை போய் அறிவுரை சொன்னது மட்டும்தான். பதினைந்து பல் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பதினெட்டு பல் போட்டால் மிதிப்பது இலேசாகும் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"கடையில குடுத்தா பத்து நிமிஷ வேலைண்ணா."

"அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. நீ எதையும் முழுசா முடிச்சுப் பார்த்ததில்ல, அவ்வளவுதான்."

பழையதைக் கழற்றினேன். புதியதை மாட்டி இறுக்கினேன். பூட்டு வளையத்தைக் கையால் திருகினேன். இதுவரை நன்றாக நினைவிருக்கிறது. பிறகு சக்கரத்தைச் சைக்கிளில் பூட்டியதும் செயினின் தொய்வைச் சரிபார்த்ததும் நினைவிருக்கிறது. நடுவில், வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் இறுக்கினேனா என்பது மட்டும் நினைவில்லை.

இன்று காலை வந்தாள். விடுப்பு முடிந்து முதல் நாள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "பரவால்லையே" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டாட்டா காட்டி அனுப்பிவைத்தேன்.

4

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. முதலாவதில், மாலையில் வந்து அண்ணனைப் பாராட்டுகிறாள். இரண்டாவது அந்த இறக்கம். [எழுதினேன். கிழித்தேன்.] மூன்றாவதில், வளையத்தை நான் இறுக்கிவிட்டேன், கை செய்ததை மனசு மறந்துவிட்டது. எனக்குப் பிடித்தது இதுதான். சாட்சியும் உண்டு. ஸ்பானர் பெட்டிக்குள் சமர்த்தாக இருக்கிறது. வேலையை முடித்தவன்தானே கருவியை எடுத்துவைப்பான்?

இதுவரை எழுதிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேன்.

"நான்தான் பெட்டில வெச்சேன். நேத்து சாயங்காலம் நீங்க எழுதுற மேசையில கெடந்துச்சு."

"மேசையிலயா?"

"ஏதோ ஒரு வரி எழுதி, பேப்பர் பறக்காம இருக்க மேல வெச்சிருந்தீங்களே."

ஆக, ஸ்பானர் என்னோடு உள்ளே வந்திருக்கிறது. பின்வாசலுக்குத் திரும்பிப் போகவேயில்லை.

5

ஒரு மணி நேரமாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் பக்கத்திலேயேதான் இருந்தது. கூப்பிட்டால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடுமே என்றுதான் கூப்பிடவில்லை. சந்தேகத்தை ஒரு கதையாக்கிவிட்டால் அது கதையோடு போய்விடும் என்றும் நினைத்தேன். எவ்வளவு கேவலம் பாருங்கள்.

இப்போது அவள் போனில் மணி அடிக்கிறது. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. பயமாக இருக்கிறது. எடுக்கவில்லை. மறுபடி போடுகிறேன். அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று

"என்னண்ணா? சிக்னல்ல நிக்கிறேன், சீக்கிரம் சொல்லு."

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைச் சைக்கிளிலிருந்து இறக்க வேண்டும்.