கொதிக்கு ஒரு கரண்டி டீ

என் மச்சான் குடிக்கும் டீயின் சூட்டில் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடலாம். கதை அளக்கிறேன் என்பாள் என் மனைவி. அவளுடைய அண்ணன், அவள் அப்படித்தான் சொல்வாள். லாரி ஓட்டிய காலத்தில், அடுப்பிலிருந்து இறக்கிய டீயை ஊதாமல் உள்ளே தள்ளிவிட்டு, "ஆறிப் போச்சே மாப்ளே" என்று என்னிடம் முகம் சுளித்த ஆள் அவர். நாங்கள் வைத்த பெயர் கொதி.

அந்தக் கொதிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. அதோடு விழுங்கும் வித்தையைத் தொண்டையே மறந்து போனது. எது குடித்தாலும் வழி தவறி நுரையீரலுக்குப் போகிறது என்றார்கள். மூக்கு வழியாகக் குழாய் செருகி, சிமெண்டுக் கரைசல் மாதிரி எதையோ வயிற்றுக்கு அனுப்பினார்கள். கொதி பிடுங்கி எறிந்தார். மறுபடி செருகினார்கள். மறுபடி பிடுங்கினார். ஆயிரம் தடவை நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடைசியில், வேலை செய்த அந்த ஒரே கைக்குத் தலையணை பருமனில் கையுறை மாட்டி, மணிக்கட்டில் பட்டை போட்டு இறுக்கிவிட்டார்கள்.

"என்ன மச்சான், குத்துச்சண்டைக்குக் கிளம்பிட்டீங்களா?" என்றேன்.

கொதி ஏதோ குழறினார். எனக்குப் புரிந்தது. லாரி இரைச்சலுக்கு நடுவே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எத்தனை வருடம் கேட்ட குரல்!

"டீ கேக்கறாரும்மா," என்றேன் அவர் மகளிடம். "குழாய் வேணாமாம். டீ போதுமாம். உயிர் போனாலும் பரவாயில்லையாம்."

"அந்த ஒரு சத்தத்துல இவ்வளவும் சொன்னாரா மாமா?"

"சுருக்கமாப் பேசறவரும்மா அவரு."

"பல்லியப் பாத்துட்டு முதலைன்னு தெருவையே கூட்டின ஆளு நீங்க. உங்க பேச்சக் கேட்டு எங்கப்பாவப் பட்டினி போட்டுக் கொல்லணுமா?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அவர் குழறலைப் புரிந்துகொள்ள உலகத்தில் இருந்த ஒரே ஆள் நான். உலகத்தில் ஒருவரும் நம்பாத ஆளும் நான்.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, தூங்காத கண்கள். கட்டிலோரம் உட்கார்ந்துதான் பேசினார்.

"விழுங்கற சக்தி திரும்பி வரும்னு தோணலம்மா. குழாய் இருந்தா கொஞ்ச நாள் கூடலாம். ஆனா எச்சிலே நுரையீரலுக்குள்ள போகுது, அதனால காய்ச்சல் எப்படியும் வரும். அவருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா?"

"பேச்சுதான் வரலையே டாக்டர்."

"கை இருக்கே," என்றவர் கையுறையைப் பார்த்தார். "அதையும் நாங்க கட்டி வெச்சிட்டோம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வெளிய இருங்க. உங்களப் பாத்துத்தான் சொன்னாருன்னு பின்னால யாரும் சொல்லக் கூடாது."

போனேன். ஆனால் காதை உள்ளேயே விட்டுவிட்டுப் போனேன். கதவிடுக்கில் ஒரு கண்ணும் இருந்தது.

மணிக்கட்டுப் பட்டை பிரிகிற சத்தம். கையுறைக்குள்ளிருந்து வெளியே வந்த கை, நாள் முழுக்கத் துணி துவைத்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அதை விரித்து, மடக்கி, திரும்ப விரித்தார் கொதி. கட்டைவிரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கேட்டார் டாக்டரம்மா.

"இவங்க உங்க மகளா?" மேலே.

"நாம இப்ப லாரி ஷெட்டுல இருக்கோமா?" கீழே.

"டீ குடிச்சா அது நுரையீரலுக்குப் போய் உயிரே போயிடலாம். புரியுதா?" மேலே.

"குழாய் வேணுமா?"

கீழே. போர்வைக்குள் புதைகிற அளவுக்குக் கீழே.

மகள் குனிந்தாள். "அப்பா, மாமா எதையாவது சொல்லி உங்க மனசக் கலைச்சுட்டாரா? மாமா பேச்ச நம்பலாமா?"

யோசிக்கவே இல்லை பாவி மனிதர். விரல் சட்டென்று கீழே போனது. வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

மகள் சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "எங்கப்பா உள்ள முழுசா இருக்காரு டாக்டர்," என்றாள்.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். குழாயை எடுத்தார்கள். கொதியை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். வாய் வெந்துவிடும் என்று டீயை ஆறவைத்து, கெட்டியாக்கும் பொடி கலந்து, மகளே கரண்டியில் ஊட்டினாள். கண்ணை மூடி நாக்கில் வைத்திருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. பிறகு முகம் சுளித்து ஏதோ குழறினார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொல்றாரு மாமா?"

"ஆறிப் போச்சாம்."

ஒரு சொல் கூட நான் சேர்க்கவில்லை.

இன்னொரு கரண்டி. அதில் இருமல் வந்துவிட்டது. நெற்றி நரம்பு புடைத்து, உதடு நீலமாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது. "போதுமாப்பா?" என்றாள். விரல் மேலே போனது.

சொன்னபடியே காய்ச்சல் வந்தது. மூச்சுத் திணறாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். திரும்பக் குழாய் போடலாமா என்று மகள் கேட்கவில்லை. உறையில்லாத அந்தக் கையைப் பிடித்தபடி இருந்தாள். ஒரு மத்தியானம் அந்தக் கை திருப்பிப் பிடிப்பதை நிறுத்தியது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். "கடைசியா வாயில ஏதாவது இறங்குச்சாம்மா?"

"இறங்குச்சே. டீ குடிச்சாரு," என்றாள் மகள். "ஒரு டம்ளர் முழுக்க. கொதிக்கக் கொதிக்க."

சொல்லிவிட்டு, மாட்டிக்கொண்டவள்போல் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு இல்லம்மா," என்றேன். "ரெண்டு டம்ளர். ரெண்டாவத நான்தான் ஆத்தாம ஊத்திக் குடுத்தேன்."