தாடை அடங்கும் வரை

ஒரு கொட்டாவியின் நடுவே தையல்காரியின் தாடை பிடித்துக்கொண்டது. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இருபது வருடமாக நூலைப் பல்லால் கடித்தே பழகியவள். காதோரம் 'க்ளக்' என்று சத்தம் வந்தபோதெல்லாம் அலட்சியமாக இருந்துவிட்டாள். கணவர் கன்னத்தைத் தடவிக்கொடுக்க, தானாக மூடியது.

மறுநாள் பல் மருத்துவரிடம் போனாள். போன கையோடு, கோணல் பற்களுக்குக் கம்பி போடும் பழைய ஆசையையும் சொல்லிவைத்தாள். அவர் காதுக்கு முன்னால் அழுத்திப் பார்த்தார்.

"போடலாம்மா, ஆனா இப்ப இல்ல. அஸ்திவாரம் ஆடுற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா? முதல்ல மூட்டு அடங்கட்டும்."

அச்செடுத்து, பல்லில் மாட்டும் கண்ணாடி போன்ற தட்டு ஒன்றைத் தந்தார். தூங்கும்போது போட வேண்டும். மத்தியானமும் இரண்டு மணி நேரம், பேசாமல்.

"பேசாமலா? அதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் லாயக்கு" என்றாள்.

கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கேட்டால்தான் ஒரு வார்த்தை உதிரும். மத்தியானம் அவள் கன்னத்தில் சூடான துணியோடு படுத்திருக்க, திரைச்சீலை மெல்ல அசைய, அந்த மௌனம் அவருக்கே தாங்கவில்லை.

"நேத்து ஒரு கனவு... நம்ம கடை தண்ணிக்குள்ள இருக்கு. கடிகாரமெல்லாம் மீன் மாதிரி நீந்துது. நீ அளவு நாடாவை வீசிப் பிடிக்கிற."

அவள் மூக்காலேயே சிரித்தாள். அன்றிலிருந்து தினம் ஒரு கனவு. பனிக்குள் ஏறும் படிக்கட்டு, இறகு முளைத்த தையல் மெஷின். பாதித் தூக்கத்தில் அவர் கனவு எங்கே முடிந்தது, தன்னுடையது எங்கே தொடங்கியது என்றே அவளுக்குத் தெரியாமல் போனது.

ஐந்து மாதத்தில் வலி ஓய்ந்தது. மருத்துவர் அவளை நடுநடுவே வாயை மூடி இளைப்பாறவிட்டு, பொறுமையாகக் கம்பி மாட்டினார்.

"சத்தம் எப்பவாவது வரும், பயப்படாதீங்க. வலிச்சா உடனே வாங்க. கம்பி பல்லைத்தான் நேராக்கும். மூட்டை நீங்கதான் பாத்துக்கணும்."

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டினாள். கணவர் லென்ஸ் வைத்தே பார்த்தார்.

"ஆமா, அந்தக் கனவெல்லாம் நிஜமாவே வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் கனவு வந்துச்சு. மத்ததெல்லாம் காலையில கடையில உக்காந்து யோசிச்சது."

அவள் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன யோசிச்சீங்க?"