இருபது வருடக் கையெழுத்து

அன்று காலை அவர் வீட்டில் கடைசியாகச் செய்தது, நீல நிற ரப்பர் ஜப்பான் சிலிப்பரைக் கதவுக்கு வெளியே கழற்றி வைத்ததுதான். கீழே குப்பைப் பையைப் போட்டுவிட்டு வந்தவர், வாசலில் நின்றபடியே வேலைச் சப்பாத்துக்கு மாறினார். "பசியாறிட்டுப் போங்க" என்றேன். "கெண்டின்ல பாத்துக்கிறேன் லா, தனம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சைக்கிள் பூட்டைத் திறக்கும் சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது.

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுப் பக்கம் எதையும் வைக்கக்கூடாது. நாங்கள் குடிவந்த முதல் மாதமே காவலாளர் அதை அச்சடித்துக் கதவில் ஒட்டினார். என் கணவர் லக்ஷ்மணன் கேட்கவில்லை. "வீட்டுக்குள்ள சிலிப்பரோட நடந்தா எங்கம்மா வெளக்குமாத்தால அடிப்பாங்க." அவர் கிளம்பியதும் சிலிப்பரை நான் உள்ளே எடுத்துவிடுவேன். காவலாளர் ஒன்பது மணிக்குப் படிக்கட்டைக் கூட்டி முடித்தபின் திரும்ப வெளியே வைப்பேன். எட்டு வருடமாக அவருக்கு இது தெரியாது. தெரிந்தும் தெரியாததுபோல இருந்தாரோ என்னவோ. அன்று எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை வேலை. பேருந்து வந்துவிடும் என்ற அவசரத்தில் சிலிப்பரை எடுக்காமல் ஓடினேன்.

பத்தே காலுக்குத் தொழிற்சாலையிலிருந்து அழைத்தார்கள். எந்திரத்தின் பக்கத்திலேயே சரிந்திருக்கிறார். இதயம். நாற்பத்தொன்பது வயது.

மலேசியாவில், கிள்ளானில் இருந்த கம்பெனிக் கிளையிலிருந்து சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கு இரண்டே வருடத்துக்கு என்று சொல்லித்தான் அவரை அனுப்பினார்கள். கைக்கடிகாரத்துக்குள் போகும் பற்சக்கரங்களை வெட்டும் எந்திரங்களை அவர் பார்த்துக்கொண்டார். இரண்டு எட்டானது. நான் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன், வேலை தேடிக்கொண்டேன். இங்குள்ள இலங்கைத் தமிழர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, ஊரில் எவடம் என்பதுதான். மலேசியா என்றால் ஒரு கணம் விழிப்பார்கள். என்னோடு வேலை செய்யும் குணேஸ்வரி அக்கா முதல் நாளே சொன்னார்: "அங்கயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ? பரவாயில்லை, நல்லாத்தான் கதைக்கிறீர்."

தகனம் முடிந்த மறுநாள் கிள்ளானிலிருந்து அவருடைய அண்ணன் மகேந்திரன் கூப்பிட்டார்.

"தனியா அங்க என்னா செய்யப் போற? சாம்பல எடுத்துக்கிட்டு வந்துரு. மோரிப் கடல்ல கரைச்சிரலாம். மேல் ரூம காலி பண்ணி வெச்சிருக்கோம்."

"பாக்கலாம் மாமா."

"இதுல என்னா பாக்கறது? அவனே இல்ல, அந்த ஊரு எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த மேல் அறைக்கு உண்மையிலேயே புது விசிறி வாங்கி மாட்டியிருந்தார். படம்கூட அனுப்பினார். அந்த விசிறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே படுத்திருக்கும் ஒரு விதவையை என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அவளுக்கு எல்லோரும் நல்லது செய்தார்கள். எப்போது சாப்பிட வேண்டும், எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுவாரம் நகராட்சியின் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். எங்களில் யாரும் சாம்பலைப் புதைப்பதில்லை. கரைத்துவிட்டால் எல்லோரும் கலைந்து போகலாம். நான் கலைய விரும்பவில்லை. ஒரு மேசை அகலம் இருக்கும் இடத்தை அங்கிருந்த பெண் வரைபடத்தில் காட்டினார். இருபது வருடத்துக்கு அது எங்களுடையது. அதுவரை செடி நட வேண்டும், களை பிடுங்க வேண்டும், பக்கத்துக் கல்லறை மேல் கிளை படரவிடக் கூடாது. பொறுப்பாளர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்.

"சாம்பலை மண்ணுக்குள்ள தாழ்க்கிறதோ?" என்று குணேஸ்வரி அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். "உங்கட ஆக்கள் ஏசமாட்டினமோ?"

"ஏசறாங்க."

அவர் சூப்பை இரண்டு தரம் கிண்டினார். "சரி. சனிக்கிழமையில எனக்கு லீவு. தண்ணி ஊத்த வாறன்."

ஆறாவது வாரம் அதே நகராட்சியின் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் அனுமதி அட்டையில் தங்கும் நோக்கம் 'கணவருடன் வசித்தல்' என்று இருக்கிறது. கணவர் இறந்ததால் அந்த நோக்கம் இப்போது இல்லை. அனுமதியை நீட்டிக்காமல் விட எண்ணியிருக்கிறோம், முப்பது நாளுக்குள் உங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

"நேர போய் ஒருக்கா அழுது காட்டும். இரங்குவாங்கள்" என்றார் குணேஸ்வரி அக்கா.

"அம்மா, இங்க அழுதா தண்ணி ஒரு கிளாஸ் தருவாங்கள். அவ்வளவுதான்" என்றாள் அவர் மகள் மயூரி. அவள் சட்டம் படிக்கிறாள். பதில் கடிதத்தை அவள்தான் தட்டச்சு செய்து தந்தாள். நல்ல கடிதம்தான். ஆனால் கடைசிப் பத்தியில் 'கருணையுடன் பரிசீலிக்குமாறு' என்று இருந்தது. அந்த வரியைப் பேனாவால் அடித்தேன்.

"அன்ரி, அப்பிடித்தான் எழுதுறது."

"எழுதிக்கட்டும். நான் எழுத மாட்டேன் லா."

அலுவலகத்தில் என் கோப்போடு இருந்தவர் மயூரியைவிடச் சற்று மூத்தவர். அடித்த வரியை ஒரு கணம் பார்த்தார். மலேசியாவில் உறவினர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். தங்க இடம்?

"ஒரு அறை இருக்கிறது. புது விசிறியும் இருக்கிறது."

"அப்படியென்றால் திரும்பிப் போவதற்குத் தடை ஒன்றும் இல்லை."

"தடை இல்லை. நான் போகவில்லை."

என் ஜெர்மன் தவறிவிட்டதோ என்று அவர் காத்திருந்தார். நான் திருத்தவில்லை. பையிலிருந்து கல்லறைத் தோட்டத்துக் காகிதத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். எட்டு வருட வரி, வேலை ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ் எல்லாம் ஏற்கெனவே கோப்பில் இருந்தன. இது மட்டும்தான் புதிது.

"இதை யாரும் இணைப்பாகக் கொடுப்பதில்லை" என்றார்.

"உங்கள் நகரத்தின் முத்திரைதான். இருபது வருடம் பார்த்துக்கொள்வேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள். களை பிடுங்காவிட்டால் அபராதம் என்றும் போட்டிருக்கிறது. கிள்ளானிலிருந்து வந்து பிடுங்க முடியாது. நான் கையெழுத்துப் போட்டால் செய்கிறவள்."

அவர் காகிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார். அறையில் குளிரூட்டியோ விசிறியோ இல்லை, கடிகாரம் மட்டும் ஓடியது. பிறகு எழுந்துபோய்ப் பிரதி எடுத்தார். பிரதியைக் கோப்பில் செருகி, அசலை என்னிடம் நீட்டினார். முடிவு எழுத்து மூலம் வரும், எத்தனை வாரம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார்.

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினேன். போன சனிக்கிழமை குணேஸ்வரி அக்கா யாரையும் கேட்காமல் விதைத்த வெந்தயம் முளைத்திருந்தது. விதிப்புத்தகத்தில் வெந்தயம் கூடாது என்று இல்லை. ஓரத்தில் இரண்டு களைகளைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக் கதவில், படிக்கட்டுப் பக்கம் எதையும் வைக்கக்கூடாது என்று காவலாளரின் புதுச் சீட்டு ஒட்டியிருந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது. அதைக் கிழித்து, மற்ற இரண்டோடு சமையலறை இழுப்பறையில் வைத்தேன். களைகளைக் குப்பையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தத் திரும்பினேன். நீலச் சிலிப்பர் வெளியே, அவர் கழற்றி விட்ட இடத்திலேயே கிடந்தது, இடது கால் கொஞ்சம் முன்னால்.