பட்டறை ஃபோனுக்கு ஒரு ஃபில்டர்

மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கும் நேரம் பார்த்துத்தான் பிரத்யுஷாவுக்கு இன்டர்நெட் போகும். மோடத்தில் பச்சையாக நின்றுகொண்டிருக்கும் விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். வீட்டிலிருந்தபடியே வேலைக்காகக் கம்ப்யூட்டரில் பாதி பார்த்த காப்பீட்டுக் கிளெய்ம் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து நெட் தானாகவே வந்துவிடும்; அதற்குள் டீம் லீடர் மொபைலில் கூப்பிட்டுத் திட்டி முடித்திருப்பார். லைன் சரியாகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மெயிலே வந்துவிட்டது.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவர்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. பழைய டெலிபோன் ஒயரிலேயேதான் பிராட்பேண்டும். பேச்சும் நெட்டும் ஒரே ஒயரில் வருவதால் ஒவ்வொரு ஃபோனுக்கு முன்னாலும் தீப்பெட்டி அளவில் ஒரு ஃபில்டர் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ரிசீவரை எடுத்ததும் காதில் இரையும், நெட்டும் அறுந்துபோகும். ஹால் ஃபோனுக்கும் மாடி ஃபோனுக்கும் அவளே தன் கையால் மாட்டியிருந்தாள். அப்படியும் போனது.

"மோடந்தான் கோளாறா இருக்கும். கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன், லைன்மேன் வருவாரு" என்றான் கணவன் ஹர்ஷா.

லைன்மேன் வருவதற்குள் அவளுக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. அன்றும் விளக்கு மினுக்கியது. டயல் டோன் இருக்கிறதா என்று பார்க்க ஹால் ஃபோனை எடுத்தாள். உள்ளே மாமியார் பத்மாவதியின் குரல்.

"சத்தமாப் பேசு கண்ணு, ஒரே இரைச்சலா இருக்குது. ஒண்ணுமே கேக்க மாட்டீங்குது."

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குதாம்மா. பிரசவத்தை நெனச்சா பயமா இருக்குது" என்றது மறுமுனை.

நவ்யாவின் குரல். பிரத்யுஷாவுக்கு ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. பெற்றவளுக்குத்தான் கேட்கவில்லை. சத்தம் வராமல் ரிசீவரை வைத்தாள்.

நவ்யா இந்த வீட்டுப் பெண், ஹர்ஷாவின் தங்கை. இவர்கள் தோட்டத்தில் காலமெல்லாம் கூலிக்குப் பாடுபட்ட அங்கப்பனின் மகன் கௌதமனைக் கல்யாணம் செய்துகொண்டு போத்தனூரில் இருக்கிறாள். கௌதமன் படித்து ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவன். அதெல்லாம் மாமனார் லட்சுமிநாராயணனிடம் எடுபடவில்லை. "இந்த ஊட்டுல அவ பேரை எவரும் எடுக்கப்படாது" என்று சொன்னவர், சொன்னதோடு விடாமல் சாயங்காலமானால் பத்மாவதியின் மொபைலை வாங்கி யார் யாருக்குப் பேசினாள் என்றும் பார்ப்பார்.

வீட்டுக்குப் பின்னால் மாமனாரின் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை. மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனால் லேத்துகள் நிற்கும். அத்தை அந்தப் பக்கமிருந்து வீட்டுக்குள் திரும்பியதைப் பார்த்துவிட்டு பிரத்யுஷா அங்கே போனாள். ஸ்டோர் ரூமில், துருப்பிடித்த வார்ப்புகளுக்கு நடுவே, மாமனார் ஒரு காலத்தில் ஆர்டர் பிடித்த பழைய ஃபோன் இருந்தது. அது எப்போதோ செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீட்டு லைனிலிருந்தே ஒரு ஒயர் அதற்குப் போயிருந்தது. ஃபில்டர் இல்லை.

ஹர்ஷாவிடம் சொல்லலாம். சொன்னால் அப்பா காதுக்குப் போகாமல் இருக்காது. பேசாமல் ஒயரைப் பிடுங்கிவிடலாம்; வேலை பிழைக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் கடையில் இன்னொரு ஃபில்டர் வாங்கிவந்து அந்த ஃபோனுக்கு மாட்டினாள்.

அன்று மத்தியானம் விளக்கு அசையவில்லை. டீ கொண்டுவந்த பத்மாவதி டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"இன்னைக்கு உனக்கு நெட்டு போகலியா அம்மணி?"

"இல்லீங்கத்தை."

பத்மாவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் அவ கொரலு எனக்குச் சரியாக் கேட்டுச்சு" என்றாள்.

கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கச் சொல்ல பிரத்யுஷா மறந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீட்டிலிருக்கும்போது லைன்மேன் ரூபன் வந்து நின்றார்.

"இப்பச் சரியாயிருச்சுங்கண்ணா, நீங்க போலாமுங்க" என்றாள் அவசரமாக.

"வந்தவரு பாத்துட்டே போகட்டும்மா" என்றார் லட்சுமிநாராயணன்.

ரூபன் சுவரிலிருந்த டெலிபோன் பாக்ஸைத் திறந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனார். மாமனாரும் போனார். பிரத்யுஷா பின்னாலேயே ஓடினாள்.

"அட, இங்கொரு ஃபோன் இருக்குதுங்களே. இதுதான் நெட்டை இழுத்திருக்கும். இப்பத்தான் புது ஃபில்டர் மாட்டியிருக்கீங்க, இனிப் பிரச்சினை இல்லீங்க" என்றார் ரூபன் வெள்ளந்தியாக.

லட்சுமிநாராயணன் அந்த வெள்ளை ஃபில்டரைப் பார்த்தார். சுற்றிலும் ஒரு விரல் தூசி. ரிசீவரில் மட்டும் தூசியே இல்லை. அதை எடுத்து ரீடயலை அழுத்தினார். ஸ்டோர் ரூம் அமைதியில் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா? லீவு நாள்ல கூப்பிடறே? அப்பா ஊட்ல இல்லையா?"

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "அம்மா... அம்மா..." என்று அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக ரிசீவரை வைத்தார்.

"இந்த ஒயரை அறுத்துப்போடுங்க" என்றார் ரூபனிடம். அவளிடம் திரும்பினார். "ஃபில்டர் ஆரு மாட்டுனது?"

"நாந்தானுங்க மாமா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்று ஹர்ஷா முகத்தைத் திருப்பிக்கொண்டான். தான் கை வைக்காமல் இருந்திருந்தால் அத்தைக்கு அந்த இரைச்சலாவது மிஞ்சியிருக்குமே என்று பிரத்யுஷா குமைந்தாள். மறுநாள் மத்தியானம் தன் மொபைலைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"இதுல பேசுங்கத்தை. மாமா இதை வாங்கிப் பாக்க மாட்டாரு."

"வேண்டாம் அம்மணி. ஒளிஞ்சு பேசுனது போதும்."

பத்மாவதி ஹாலுக்குப் போனாள். சோபாவில் லட்சுமிநாராயணன் பேப்பர் விரித்திருந்தார். அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு ஹால் ஃபோனில் எண்களை அழுத்தினாள். விரல் தவறி மறுபடியும் அழுத்தினாள்.

"நவ்யா, அம்மா பேசறேன். ஆமா, ஊட்ல இருந்துதான். அப்பாவும் இங்கதான் உக்காந்திருக்காரு... நேத்து கூப்பிட்டது அவருதான். நீ அழுவாதே. மாத்திரை சாப்பிட்டியா?"

பேப்பரின் அடுத்த பக்கம் திரும்பவே இல்லை. பேச்சு முடியுமுன் அவர் எழுந்து போனார். அதோடு பத்மாவதியிடம் அவர் பேச்சை நிறுத்தினார். "சோறு வேண்டாம்னு உங்கத்தைகிட்டச் சொல்லு" என்பதுகூட மருமகள் வழியாகத்தான் வந்தது. பத்மாவதி தினமும் ஹாலில் நின்றே பேசினாள். பேசி முடித்து அடுப்படிக்கு வரும்போது அவள் முகம் களையிழந்து கிடக்கும்.

நவ்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்ததும் அத்தையும் மருமகளும் கிளம்பினார்கள். பட்டறை வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களும் வாங்க மாமா" என்றாள் பிரத்யுஷா.

"லோடு போகோணும்" என்று உள்ளே திரும்பிவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. நவ்யாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தாலும் கண் திறந்து பேசினாள். சாயங்காலம் வீடு வந்ததும் பிரத்யுஷா சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாரிடம் போய், "பொண்ணுங்க மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினாரா, குனிந்தாரா என்று தெரியவில்லை. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்மாவதி அந்தப் பக்கம் பார்க்காமல், மறுநாள் குழந்தைக்கு எடுத்துப்போக ஒரு பழைய பருத்திச் சேலையைத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள்.