இதரக் கட்டணம்

பில்லின் மூன்றாவது வரி தளவாயின் கண்ணை உறுத்தியது. தேதி மாற்றியதற்கு ஒரு தொகை, டிக்கெட் விலை ஏறியதற்கு ஒரு தொகை, இரண்டும் சரி. அதற்குக் கீழே இதரக் கட்டணம் என்று ஐயாயிரத்து நானூறு எதற்கு?

ஊரில் கோயில் கொடைக்கு நாள் குறித்த பிறகு பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு என்று கொடையை மூன்று வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள். மனைவி கலைச்செல்வி ஆசைப்பட்டாளே என்று தளவாய் இந்த ஒரு தடவை மதுரைக்கு விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தான். தோல் பட்டறையில் லீவு கிடைக்காததால், தேதியை மாற்ற கலைச்செல்விதான் சைஃபின் டிராவல்ஸுக்குப் போய்வந்தாள். பணம் கட்ட இன்று இவன் வந்திருக்கிறான்.

தளவாய் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கறிக்கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பான். கலைச்செல்வி போனை வைத்தால் யாரது என்பான். காய்கறி வாங்கப் போய்க் கால் மணி நேரம் பிந்தினால் எந்த கல்லி, எந்தச் சந்து வழியா வந்தே என்பான். பதினோரு வருஷமாக அவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக, "ஒங்களுக்கே தெரியுமே" என்று மட்டும் சொல்கிறாள்.

"இது என்ன சார்ஜ் பாய்?"

சைஃப் மேலப்பாளையத்துக்காரன். வாய் ஓயாதவன், இன்றைக்குக் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வீட்ல மதினிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி."

"அவளுக்கு என்னவே தெரியும்? பில்லு போட்டது நீரு."

"சரி, அத விடுங்க. அந்த ரூவாய நீங்க தர வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

தளவாய்க்கு உள்ளுக்குள் ஒரு குஷி. கள்ளன் அகப்பட்டுக்கொண்டான். செய்யாத தப்புக்கு எவனாவது கைக்காசைப் போடுவானா?

"கம்பெனிக்கு போன் போடும். ஸ்பீக்கர்ல போடும். நாலு பேரு கேக்கட்டும்."

"வேண்டாம் அண்ணாச்சி."

"போடும்ங்கேன்லா!"

வேறு வழியில்லாமல் சைஃப் போட்டான். பெஞ்சில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷப் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் ஹிந்தியில் வந்தாள். டிக்கெட் நம்பரைச் சரிபார்த்தாள். அந்தத் தொகை கூடுதல் லக்கேஜுக்கு என்றாள். கலைச்செல்வி மேடம் பெயரில் பதினைந்து கிலோ, போகும்போது மட்டும்.

"கேட்டீராவே? அஞ்சு நாள் கொடைக்கு எவ பதினஞ்சு கிலோ கூட கேட்டா?" என்று சைஃபிடம் பாய்ந்துவிட்டு, போனைப் பார்த்துக் கத்தினான். "வரும்போது எவ்வளவு போட்ருக்கான், அதையும் சொல்லுங்க மேடம்!"

"வரும்போது மேடத்துக்கு டிக்கெட் இல்லை சார். கேன்சல் ஆகியிருக்கிறது."

"யாரு பண்ணினது?"

"அவங்களேதான் சார். ஓடிபி அவங்க நம்பருக்குத்தான் போயிருக்கிறது."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். தளவாய்க்கு வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் ஸ்பீக்கரில் போடச் சொன்னது தான்தான் என்பது மெல்ல உறைத்தது. சைஃப் தலையை நிமிர்த்தவே இல்லை.

"மதினியே ஒங்ககிட்ட சொல்லுவேன்னாக, அண்ணாச்சி. இன்னைக்கு ராத்திரி."

போனில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள். "சார், திரும்பி வரும்போது நீங்கள் ஒருவர்தான். ஜன்னல் சீட் இருக்கிறது. போட்டுவிடட்டுமா?"

சைஃபின் திரையில் விமானத்தின் இருக்கைகள் சிறு சிறு கட்டங்களாக விரிந்தன. ஜன்னலோரக் கட்டம் ஒன்று பச்சையாக மாறியது. அதை ஒட்டிய இரண்டும் வெள்ளையாக இருந்தன.