யாருக்கும் ஆபத்தில்லாத ஓட்டு

கடைசிச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்த மறுநாள், சர்ச் கலைந்த கையோடு, எங்கள் லீக்கின் எட்டு கோச்சுகளும் ரோலண்ட் உணவகத்தின் பின்னறையில் கூடுவார்கள். செப்டம்பரிலிருந்து ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்கு மட்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வறுத்த கோழியைப் பிய்த்துத் தின்றபடி, வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் யார் யார் என்று முடிவு செய்வார்கள். லீக்குக்கு இருக்கும் ஒரே முழுநேர ஊழியர் நான். சீட்டு கொடுப்பது, எண்ணுவது, சண்டை வந்தால் விலக்குவது எல்லாம் என் தலையில்தான்.

கடவுள் புண்ணியத்தில் எங்களுடையது சின்னக் கல்லூரிகளின் லீக். இங்கே அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற பையன்களுக்கு உதவித்தொகை கிடையாது, டிவியில் காட்டுவது கிடையாது. நாலாவது வருடம் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இன்ஷூரன்ஸ் விற்கவோ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கவோ போய்விடுவார்கள். அதனால்தானோ என்னவோ இந்தப் பட்டங்களுக்கு இவ்வளவு அடிதடி.

அந்த வருடம் டேல் வியர்ஸ்மாவின் ஓல்ஸ்டாட் கல்லூரி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்திருந்தது. கஸ் டோலெஃப்ஸ்ரூட்டின் அணி இரண்டாவது. தோற்றது ஒரே ஆட்டம், அதுவும் டேலிடம். பட்டியலின் அடியில் லைல் பொகோர்னியின் பெர்ன்வில் கல்லூரி. பத்து ஆட்டம், பத்துத் தோல்வி. லைல் வருத்தப்படுகிற கட்டத்தையெல்லாம் அக்டோபரிலேயே தாண்டியிருந்தார். இரண்டாவது தட்டுக் கோழி அவர் முன்னால்தான் இருந்தது.

டேலுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் மகன் யோரன்தான் வண்டியோட்டிக் கூட்டிவந்திருந்தான். யோரன் அவருடைய குவார்ட்டர்பேக்கும்கூட. பந்தை வீசுகிறவன், அணியையே கையில் வைத்திருப்பவன். முன்னறையில் ஒரு துண்டு பூசணி இனிப்போடு உட்கார்ந்து டிவியில் பெரிய ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னய்யா டேல், பையனை வெளியிலேயே உட்கார வச்சுட்ட?” என்று கஸ் ஆரம்பித்தார். “உள்ள கூட்டிட்டு வந்து அவன் கையாலயே ஓட்டுப் போடச் சொல்லியிருக்கலாமே.”

“உன் பையன் எங்க? ஓடிட்டிருக்கானா?” என்றார் டேல். “எங்க கூட ஆடினப்போ அவன் ஓடினதையே நான் பார்க்கலையே, அதான் கேட்டேன்.”

கஸ்ஸின் பையன் என்றால் பெற்ற பையன் இல்லை, அவருடைய ஓட்டக்காரன். லீக்கிலேயே அதிக தூரம் பந்தோடு ஓடியவன். வருடத்தின் சிறந்த ஆட்டக்காரன் பட்டம் அவனுக்கா யோரனுக்கா என்பதுதான் அன்றைய கேள்வி. வேறு இரண்டு கோச்சுகளும் தங்கள் பையன்கள் மேல் ரகசியமாக ஆசை வைத்திருந்தார்கள். ரகசியம் என்பது அவர்கள் நினைப்பு.

டேலுக்கு அந்தப் பட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது மேஜையில் எல்லோருக்கும் தெரியும். பள்ளி முடித்தபோது யோரனை ஒரு பெரிய பல்கலைக்கழகம் கூப்பிட்டது. படிப்பு, தங்குமிடம் எல்லாம் இலவசம். அவன் அதை விட்டுவிட்டு அப்பாவிடம் ஆட வந்தான். வந்த நாளிலிருந்து ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. தோற்றால், “கோச் மகனாச்சே, யாரு வெளிய உட்கார வைப்பா?” ஜெயித்தால், “அப்பா பார்த்துப்பாரு.” போன வருடம் கிரீஸ்ட்டன் கல்லூரி மைதானத்தில் மாணவர்கள் கூட்டமாக நின்று “டாடி, டாடி” என்று கத்தினார்கள். நானும் அங்கே இருந்தேன். யோரன் சிரித்துக்கொண்டே ஆடினான், டேல் சிரிக்கவில்லை. இந்த ஒரு பட்டத்தில்தான் அப்பாவின் கை இருக்க முடியாது, ஏனென்றால் எங்கள் லீக்கில் எந்தக் கோச்சும் தன் அணிப் பையனுக்கு ஓட்டுப் போடக்கூடாது. எதிராளிகள் கொடுத்தால்தான் உண்டு. எதிராளிகள் கொடுத்துவிட்டால் ஊர் வாயை அடைத்துவிடலாம். டேல் அந்த வருடம் கோப்பையைவிட அதைத்தான் விரும்பினார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

முதலில் மைதானத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். முதல் அணி, இரண்டாம் அணி என்று இரண்டு வரிசை. லைன்பேக்கர் இடம் வந்தபோது லைலின் பையன் எம்மெட் வொண்ட்ரா பெயர் அடிபட்டது. பந்தோடு வருகிறவனைப் பிடித்துச் சாய்ப்பதுதான் லைன்பேக்கரின் வேலை. அந்த வருடம் எம்மெட் அளவுக்கு யாரும் சாய்த்திருக்கவில்லை.

“சாய்க்காம என்ன பண்ணுவான்?” என்றார் கஸ். “பெர்ன்வில் ஆட்டத்துல பந்து எப்பவும் எதிர் டீம் கையிலதானே இருக்கும்?”

“நாங்க எதையும் கையில வச்சுக்கிறதில்ல கஸ்,” என்றார் லைல். “விருந்தாளி வந்தா கொடுத்துடுவோம்.”

சிரித்தார்கள். எம்மெட்டை இரண்டாம் அணியில் போட்டார்கள். லைல் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த கோழித் துண்டை எடுத்தார்.

கடைசியாகப் பெரிய பட்டம். ஆளுக்கொரு சீட்டு, சீட்டில் ஒரே பெயர், எழுதியவர் பெயர் வேண்டாம். எல்லோரும் பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி கையை வைத்து மறைத்துக்கொண்டு எழுதினார்கள். டேல் எழுதிவிட்டு மடித்தார், பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். காலியான இனிப்புத் தட்டில் சீட்டுகள் விழுந்தன. நான் பிரித்து வாசித்தேன்.

யோரன் வியர்ஸ்மா. எம்மெட் வொண்ட்ரா. யோரன் வியர்ஸ்மா. எம்மெட் வொண்ட்ரா.

இரண்டாவது தடவை எம்மெட் பெயர் வந்ததும் லைல் மெல்லுவதை நிறுத்தினார். அடுத்தது கஸ்ஸின் ஓட்டக்காரன். அடுத்தது எம்மெட். அடுத்தது யோரன். கடைசிச் சீட்டைப் பிரித்தேன்.

எம்மெட்.

யோரனுக்கு மூன்று, ஓட்டக்காரனுக்கு ஒன்று, ஒரு ஆட்டமும் ஜெயிக்காத கல்லூரியின் எம்மெட் வொண்ட்ராவுக்கு நான்கு. அரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டாம் அணியில் போட்ட பையன், இப்போது லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரன்.

“நோரீன், இன்னொரு தடவை எண்ணிப் பாருங்க,” என்றார் கஸ். எண்ணினேன். எட்டுச் சீட்டை எத்தனை தடவை எண்ணினாலும் எட்டுதானே.

நடந்தது என்ன என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தச் சீட்டுகளைப் பிரித்தவளுக்குப் புரியாமல் போகுமா? தன் பையனுக்குப் போட முடியாது. எதிரியின் பையனுக்குப் போட்டால் எதிரிக்குப் பலம். அதனால் ஜெயிக்கவே வாய்ப்பில்லாத ஒருவனாகப் பார்த்து ஓட்டை வீணாக்குவது. ஒவ்வொரு வருடமும் ஒருவராவது இந்த வேலையைச் செய்வார். அந்த வருடம் நாலு பேர் செய்திருக்கிறார்கள். யாருக்கும் ஆபத்தில்லாதவன் என்று நாலு பேருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியிருக்கிறது.

இனிமேல்தான் வேடிக்கை. எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் முடிவானதும் அவனுக்கு ஓட்டுப் போட்டவர்கள் கை தூக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் அந்தப் பையனுக்கு அங்கேயே போன் போட்டுச் சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது. அவன் ஆட்டத்தில் தன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லி வாழ்த்த வேண்டும்.

“கை தூக்குங்க,” என்றேன்.

முதலில் கஸ்ஸின் கை காது உயரத்துக்கு வந்தது. மூன்றாவது, நாலாவது வந்த கல்லூரிகளின் கோச்சுகள் ஒருவரையொருவர் பார்க்காமல் தூக்கினார்கள். கடைசியாக டேல். முதல் நாலு இடம் பிடித்த நாலு பேரும் கை தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். மிச்ச நாலு பேரும் அவர்களைப் பார்த்தார்கள். தப்பு நடந்துபோச்சு, மறுபடி ஓட்டெடுப்போம் என்று ஒருவர் சொன்னால் போதும், ஆனால் சொல்கிறவர் தான் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“அப்போ லைன்பேக்கர் இடத்துல அவன் இரண்டாம் அணியிலயா இருக்கப்போறான்?” என்று மட்டும் லைல் கேட்டார், ரொம்பப் பணிவாக. முதல் அணிக்கு மாற்றினோம், எதிர்ப்பில்லாமல்.

டேலின் முகம் வெளுத்திருந்தது. எங்கள் லீக்கில் இருவர் சமமாக நின்றால் பட்டியலில் மேலே முடித்த கல்லூரிக்காரனுக்குப் பட்டம். டேல் அந்தச் சீட்டில் வேறு எந்தப் பெயரை எழுதியிருந்தாலும், கஸ்ஸின் பையன் பெயரையே எழுதியிருந்தாலும், எம்மெட்டுக்கும் யோரனுக்கும் மூன்றுக்கு மூன்று. யோரன் ஜெயித்திருப்பான். அவர் இந்தக் கணக்கைப் போட்டு முடித்த நொடியை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கை தூக்கியவர்களில் மூத்தவர் அவர்தான். லைல் எண்ணைச் சொன்னார். போனை மேஜை நடுவில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார் டேல்.

“எம்மெட், நான் ஓல்ஸ்டாட் கோச் வியர்ஸ்மா பேசறேன். லீக்கோட இந்த வருஷ சிறந்த ஆட்டக்காரன் நீதான்.”

“டேய் பிரெண்டன், போன வாரம்தான் கவர்னர் பேசறேன்னு போன் பண்ண. வேற வேலை இல்லையா உனக்கு?” என்றான் எம்மெட், யாரோ நண்பன் விளையாடுகிறான் என்று நினைத்து.

“எம்மெட், ஒழுங்காப் பேசுடா,” என்று லைல் குனிந்து போனுக்குள் சொன்னார். “நான்தான். நிஜம்தான்.”

அந்தப் பக்கம் துணி துவைக்கிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “கோச், நாம ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையே,” என்றான்.

டேல் போன் பக்கம் குனிந்தார். பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஏதாவது பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் ஜெயித்த ஆட்டத்தையும் நாலு தடவை வீடியோ போட்டுப் பார்க்கிற ஆள் அவர்.

“எங்க கூட ஆடினப்போ மூணாவது குவார்ட்டர்,” என்றார். “நாங்க நாற்பத்தஞ்சு, நீங்க சைபர். எங்க பையன் ஒருத்தன் பந்தோட தனியாப் போயிட்டான். உங்க டீம்ல எல்லாரும் நின்னுட்டாங்க. நீ மட்டும் நிக்கல. மைதானத்தோட அந்தக் கோடிவரைக்கும் துரத்திட்டுப் போய், கடைசிக் கோட்டுக்கு ரெண்டு கஜம் முன்னாடி சாய்ச்ச. அதுக்கு அவசியமே இல்ல. நான் பார்த்தேன்.”

“யாரும் பார்க்கலன்னு நினைச்சேன் கோச்,” என்றான் எம்மெட். லைல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பின்னறையில் சிரிப்புச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டதே என்று யோரன் எட்டிப் பார்த்தான். கோச்சுகள் கோட்டை மாட்டிக்கொண்டு வேகவேகமாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக இன்னொரு சுற்று காப்பி ஓடும். அன்றைக்கு ஒருவருக்கும் காப்பி வேண்டியிருக்கவில்லை.

“யாருப்பா?” என்றான் யோரன்.

“வொண்ட்ரா. பெர்ன்வில் பையன்.”

யோரனுக்கு ஏமாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன், அது முகத்தில் வந்து போனது. பிறகு விலா எலும்பைத் தடவிக்கொண்டான். “அவன் இடிச்ச இடம் தும்மினா இன்னும் வலிக்குது. நீங்க யாருக்குப் போட்டீங்க?”

டேல் என்னைப் பார்த்தார். நான் சீட்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அவனுக்குத்தான்,” என்றார்.

“நிஜமாவா?”

“போன் பண்ணினதே அப்பாதான்,” என்றேன் நான். அது பொய்யில்லையே.

யோரன் அப்பாவின் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தான். டேல் ஒரு கையை நுழைத்துவிட்டு, “யோரன், நான் அந்த ஓட்டை எதுக்குப் போட்டேன்னா—” என்று ஆரம்பித்தார்.

“எதுக்கா இருந்தா என்னப்பா. நல்லா ஆடினவனுக்குப் போட்டீங்க,” என்றான் யோரன், இன்னொரு கையைத் தேடி உள்ளே விட்டபடி. “நாலு வருஷமா அப்பா பார்த்துப்பாரு, அப்பா பார்த்துப்பாருன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இன்னிக்கு எனக்காக நீங்க ஒண்ணுமே பண்ணல பாருங்க. அது போதும்பா எனக்கு.”

கோட்டின் பொத்தானைப் போட டேலுக்கு வரவில்லை. யோரன்தான் குனிந்து போட்டுவிட்டான்.