சிவப்பு மேட்டில் ஸ்னோ

ஜெயரட்ணம் ஊருக்கு அனுப்பிய படத்தில் ஆள் இல்லை. அதுதான் பிழை.

படம் 1986 ஒக்ரோபரில் எடுத்தது. ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடினால் கலிடன். அங்கே பண்ணைகளுக்கு நடுவில் புல் பூண்டு இல்லாத செம்மேடுகள் கொஞ்சம் கிடக்கின்றன. மழைத்தண்ணீர் அறுத்து அறுத்து, மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையில் ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம். மேடுகளின் குறுக்கே சாம்பல் பச்சையில் ஒரு வரி ஓடும். மற்றதெல்லாம் சிவப்பு.

அஜின்கோர்ட்டில் படம் கழுவும் கடை ஒன்றில் அவனுக்கு வேலை. அரிசோனா, யூட்டா என்று போய்வந்தவர்களின் படங்கள் அவன் கையால்தான் போகும். சிவந்த பாறை, வெறும் வானம், கத்தியால் வெட்டின மாதிரி நிழல். அவனுக்கு அங்கே போக வழியில்லை. அகதி வழக்கு முடியாதவன் எல்லையைத் தாண்டினால் திரும்பி வர விடமாட்டார்கள். இதைக் கேட்ட ஒரு வாடிக்கையாளர், கடை ரசீதின் பின்பக்கத்தில் கலிடனுக்குப் பாதை கீறிக் கொடுத்தார். “சின்னதுதான். ஆனால் சிவப்பு” என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேறெங்கும் போகவில்லை. கார் தங்கத்துரையுடையது. அவர் மட்டக்களப்பார், ‘மகனே’ என்பது அவர் வாயில் ‘மனே’; இவனைவிடப் பத்து வயது மூத்தவர், மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். இரண்டு பேரும் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். அவன் மேட்டில் நிற்கும்போது அவர் காருக்குள் இருந்து நித்திரை கொள்வார்.

ஒக்ரோபர் படத்துக்கு அவன் இரண்டு மணித்தியாலம் வெயில் பார்த்து நின்றான். அச்சடிக்கும்போது மேல் ஓரத்து மேப்பிள் மரங்களை வெட்டினான். வலப்பக்கத்து வேலியையும் வெட்டினான். மரம் இருந்தால் கண் மரத்துக்குத்தான் போகும். கடைசியில் செம்மண்ணும் அந்த வரியும் ஒரு கீற்று வானமும் மிஞ்சின. அதை ஊரில், மீசாலையில் இருந்த பாலேஸ்வரிக்கு அனுப்பினான். ‘நான் எடுத்ததில் நல்ல படம் இதுதான்’ என்று எழுதினான்.

பாலேஸ்வரி அவனுக்குப் பேசி முடித்த பெண். சாதகம் பொருந்தியிருந்தது. வழக்கு முடிய அவள் கனடாவுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் அவன் அனுப்பியிருந்தது பாஸ்போட் அளவில் ஒரு முகம் மட்டும்.

நவம்பர் நடுவில் அவளுடைய கடிதம் வந்தது.

‘அப்பா படத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்தார். இது கனடா இல்லை, அரபு நாடு என்கிறார். உங்களை ஏஜென்சிக்காரன் வழியில் இறக்கிவிட்டிருப்பான், வெட்கத்தில் மறைக்கிறீர்கள் என்கிறார். முத்திரை கனடா முத்திரைதானே என்று நான் சொன்னேன். அதற்கு அவர், பக்கத்துச் சரசாலைக்காரர் ஒருவர் ரியாத்தில் இருந்துகொண்டு, லண்டனில் உள்ள மச்சானைக் கொண்டு இரண்டு வருடம் கடிதம் போடுவித்தாராம் என்கிறார். கொழும்பில் பாங்கில் வேலை செய்யும் ஒருவருக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். கனடாப் பொடியன் உண்மையில் எங்கே இருக்கிறான் என்று தை முடிவதற்குள் தெரிய வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.’

அவன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தான்.

“என்னவாம்?” என்று கேட்டார் தங்கத்துரை.

“நான் சவூதியில நிக்கிறனாம்.”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஒட்டகத்த எங்க மனே கட்டி வச்சிருக்காய்?”

“அண்ணை, பகிடி விடாதேங்கோ. தை முடியக்குள்ள அவளை வேற இடத்தில குடுத்துப்போடுவினம்.”

அவர் கடிதத்தை எடுத்துப் படித்தார். சிரிப்பு நின்றது.

“சீஎன் டவருக்கு முன்னால நில்லு. நான் ஒரு படம் எடுக்கிறன். விசயம் முடிஞ்சுது.”

“டவரை ஸ்ரூடியோத் திரை எண்டுவினம். தாஜ்மகால் திரைக்கு முன்னால நிண்டு படம் எடுத்த ஆக்கள் எங்கட ஊரில எத்தினை பேர்! அதோட முதல் படம் பொய்யாவே கிடக்கும்.”

“அப்ப என்னதான் செய்யப் போறாய்?”

“அதே மேடு வேணும். அந்த வரி தெரிய வேணும். அதில ஸ்னோ கிடக்க வேணும். நான் நிக்க வேணும்.”

“ஸ்னோ உன்ர சொல்லுக் கேட்டு விழுமோ?”

கடிதம் போய்ச் சேர மூன்று கிழமை, சில வேளை நாலு. கணக்குப் பார்த்தால் டிசம்பர் நடுவுக்குள் படம் தபாலில் இருக்க வேண்டும்.

நவம்பர் கடைசி ஞாயிறு மழை பெய்தது. களிமண் சப்பாத்தில் அப்பி, கால் ஒவ்வொன்றும் ஒரு கல் பாரம். ஸ்னோ இல்லை.

அடுத்த ஞாயிறு முழுவதும் ஸ்னோ. மேடும் பள்ளமும் ஒரே வெள்ளை. சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

“இத அனுப்பு. சவூதியில இருந்து சுவிசுக்கு மாறிட்டான் எண்டு நினைப்பாங்க” என்றார் தங்கத்துரை. ஜெயரட்ணம் கமராவை வெளியில் எடுக்கவே இல்லை.

மூன்றாவது ஞாயிறு டிசம்பர் 14. முதல் நாள் காற்று அடித்திருந்தது. மேடுகளின் முதுகைக் காற்று துடைத்துவிட்டது. பள்ளங்களில் மட்டும் ஸ்னோ கிடந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. நடுவில் அந்தச் சாம்பல் பச்சை வரி. பத்து மணிக்கு முகில் விலகி வெயில் சரிவாக விழுந்தது.

அவன் கமராவின் முக்காலியை ஊன்றினான். சுருளில் ஏழு படம் மிச்சம் இருந்தது. ஒன்று எடுத்தான். அரை அடி நகர்ந்து இன்னொன்று எடுத்தான். முகில் வரும்வரை காத்திருந்து மூன்றாவது. முகில் போக நாலாவது. பிறகும் இரண்டு. எதற்காக வந்தான் என்பது அவனுக்கு ஞாபகம் இல்லை. கையுறையைக் கழற்றியதும் ஞாபகம் இல்லை.

காரின் ஹோர்ன் கேட்டது. தங்கத்துரை கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினார்.

“மனே! கலியாணம் உனக்கா மேட்டுக்கா?”

அவன் கமராவின் இலக்கத்தைப் பார்த்தான். ஒரே ஒரு படம் மிச்சம்.

“நான் வந்து அமத்தட்டா?”

“வேண்டாம் அண்ணை!”

ஒருமுறை பிறந்தநாள் வீட்டில் அவர் கையில் கமராவைக் கொடுத்திருந்தான். எல்லாப் படத்திலும் கேக் இருந்தது. ஒரு தலையும் இல்லை.

தானே எடுக்கும் விசையை இழுத்துவிட்டான். பத்துச் செக்கன். முதல் மேட்டுக்கு ஓடினான். ஈரக் களி இரவில் உறைந்து கண்ணாடியாகிக் கிடந்தது. ஏழாவது எட்டில் கால் போனது. குப்புற விழுந்து, சறுக்கி, பள்ளத்து ஸ்னோவுக்குள் கை ஊன்றினான். நிமிரும்போது மேலே ‘டிக்’ என்று கேட்டது.

பிறகு வெயிலும் போய்விட்டது.

தங்கத்துரை காரை விட்டு இறங்கி வந்தார். ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினார். திரும்பும் வழியில் அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கார் ஓட்டினார். பிராம்டன் தாண்டிய பிறகு ஒருமுறை மட்டும் தோள் குலுங்கியது.

திங்கட்கிழமை கடையில் சுருளைக் கழுவினான். நாலாவது படம் அவன் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அப்படி ஒன்றை அவன் அதுவரை எடுத்ததில்லை. கடைசிப் படத்தில் மேல் ஓரத்தில் இலை உதிர்ந்த மேப்பிள் மரங்கள் நின்றன. வலப்பக்கத்தில் வேலி. நடுவில் ஒருவன் மாடு மாதிரி நாலு காலில். தொப்பி தனியே கிடந்தது. வாய் திறந்திருந்தது. மணிக்கட்டுவரை ஸ்னோ, முழங்காலிலிருந்து இடுப்புவரை செம்மண். முதுகுக்குப் பின்னால் அந்த வரி தெளிவாக ஓடியது.

மரத்தை வெட்டலாமா என்று பார்த்தான். வெட்டவில்லை. வேலியையும் விட்டான்.

இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்து உறைக்குள் வைத்தான். தபாற்கந்தோர் வரிசையில் நிற்கும்போது நாலாவது படத்தை வெளியில் எடுத்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ஜனவரி முடியப் பதில் வந்தது. இந்த முறை ஒரு பக்கம்தான்.

‘படம் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் கிடைத்தது. அப்பா பழைய படத்தையும் இதையும் வாசல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வரியில் விரலை வைத்து, ஒரு படத்திலிருந்து மற்றதுக்கு இழுத்துக்கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளைக்கு அடி பட்டதோ என்று கேட்டு எழுதச் சொன்னார். எங்கே அடி பட்டது?’

ஜெயரட்ணம் களிசானைச் சுருட்டி முழங்காலைப் பார்த்தான். காய்ந்த பொருக்கு எப்போதோ விழுந்துவிட்டது. புதுத்தோல் இன்னும் சிவப்பாக இருந்தது.

‘முழங்காலில்’ என்று எழுதினான். ‘ஆறிவிட்டது.’